குறிப்பு என்கிற கட்டம்

எடை போட்டுவிட்டுத்தான் கிளம்பினேன்.
கண்ணாடி இழைத் தாள், எண் பதினேழு.
இரண்டு கிராம், எழுநூற்று நாற்பது மில்லிகிராம்,
அதற்குப் பிறகும் ஒரு தசமம்.
விரல் படக்கூடாது,
விரலின் பிசுக்கும் காற்றின் கணக்கில் ஏறிவிடும்.

பர்கூர் தாண்டி ஜெகதேவி சாலையில் ஜீப் திரும்பியபோது
டீக்கடையில் ஒருவன் போனை எடுத்தான்.
சின்னத்திம்மம்பள்ளிக்கு எங்களுக்கு முன்பே
நாங்கள் வந்து சேர்ந்துவிட்டோம்.
கிரஷர் நின்றிருந்தது.
தண்ணீர் லாரி தரையை நனைத்துக்கொண்டிருந்தது
கல்யாண வீட்டு வாசல் மாதிரி.

மானேஜர் புட்டசாமி இளநீர் வெட்டச் சொன்னார்.
"பெல்ட் அறுந்துபோச்சு சார், நேத்துதான்."
போன தடவையும்
நேற்றுதான் அறுந்திருந்தது.

ரேஷன் கடை மாடியில் கருவியை ஏற்றினேன்.
தூசிக்குத் தாள்.
கந்தகத்துக்கு ஒரு குழாய் நீர்,
பெங்களூர் சாலை லாரிகள் கக்கும் நைட்ரஜனுக்கு
இன்னொரு குழாய், ஐஸ் பெட்டிக்குள்.
எட்டு மணி நேரம் அது மூச்சிழுக்கும்.
எத்தனை மூச்சு என்று எழுதுவது என் வேலை.

எண்பத்தொன்றாம் ஆண்டுச் சட்டம் என் பையில் இருக்கிறது,
அட்டை கிழிந்த பிரதி.
இருபத்தொன்று: இசைவாணை இல்லாமல் ஓட்டாதே.
இருபத்திரண்டு: அளவுக்கு மேல் விடாதே.
முப்பத்தொன்று அ: மூடு, மின்சாரத்தை நிறுத்து.
நல்ல சட்டம்தான்.
ஒரு எண்ணைக் காட்டினால் எழுந்து நிற்கும்,
காட்டும்வரை உட்கார்ந்தே இருக்கும்.

இயந்திரத்தின் அருகே, மூன்று மீட்டரிலிருந்து பத்துக்குள்,
அறுநூறு மைக்ரோகிராம் வரை பறக்கலாம்.
வீட்டு வாசலில் நாள் முழுக்க நூறுதான்.
நடுவில் இருப்பது
கெம்பம்மாவின் குத்தகை மாந்தோப்பு.

அவள் படியேறி வந்தாள்,
கருவியைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.
"இது என்னாத்த குடிக்குது?"
காத்தைத்தாம்மா.
"எங்க காத்தயா? சாமி, இன்னிக்கி இருக்கறது
எங்க காத்தே இல்ல.
நீங்க வந்தா வர்ற காத்து."

எங்கள் அடுப்புப் புகைக்குச் சட்டம் உண்டா என்றாள்.
இல்லை என்றேன்.
ஏரிக்கரையில் குப்பை கொளுத்துகிறார்களே என்றாள்.
அதற்கு உண்டு, வேறு ஆபீஸ் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
மடியிலிருந்து ஒரு பூங்கொத்தை எடுத்து வைத்தாள்.
மாவு சலித்த முறம்போல வெள்ளை.
"மூணு வருசமா பிஞ்சு நிக்கல.
இதை நிறுத்துப் பாருங்களேன்."
பூவுக்கு என் படிவத்தில் கட்டம் இல்லை.
சாப்பாட்டு டப்பாவில் வைத்து மூடினேன்.

ஐந்து மணிக்குத் தாளைக் கழற்றினேன்.
ஏறக்குறைய புதுத் தாள்.
ஆய்வகத்தில் இது எத்தனை வரும் என்று
எனக்கு இப்போதே தெரியும்.
மாவட்டத்திலேயே சுத்தமான காற்று
புட்டசாமியின் காற்றாக இருக்கும்.

படிவத்தின் அடியில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம்.
ஆறு வருடமாக அதில் ஒரு கோடு மட்டும் இழுக்கிறேன்.
பேனாவை எடுத்தேன், மூடினேன்.
பையனுக்கு பாலிடெக்னிக் சீட் புட்டசாமியின் மச்சான்தான்
வாங்கித் தந்தார்.
இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று தெரியவில்லை.

கீழே இறங்கி
கிரஷர் ஷெட்டின் பின்சுவருக்குப் போனேன்.
மின்மானிக்கு யாரும் இளநீர் தர முடியாது.
போன தடவை வந்தபோது எதற்கோ
டைரி ஓரத்தில் கிறுக்கி வைத்திருந்தேன்.
அந்த எண்ணையும் இன்றைய எண்ணையும்
அடுத்தடுத்து எழுதினேன்.
'மாதிரி எடுத்த எட்டு மணி நேரமும் ஆலை இயங்கவில்லை.'
கையெழுத்து கொஞ்சம் கோணலாக வந்தது.

ஜீப் மேட்டில் ஏறும்போது
முதுகுக்குப் பின்னால்
அறுந்த பெல்ட் ஓடத் தொடங்கியது.
டிரைவர் ரேடியோவைக் கூட்டப் போனான்,
வேண்டாம் என்றேன்.

சத்தமும் காற்றின் மாசுதான் என்று
எண்பத்தேழில் சட்டத்தில் சேர்த்தார்கள்.
அதை அளக்கும் கருவி அன்று என்னிடம் இல்லை.
கைக்கடிகாரம் இருந்தது.
ஐந்து நாற்பத்திரண்டு.

அதையும் எழுதினேன்.